காலதர் எங்கே போனது?

வீட்டுச் சுவரில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விடும் திறப்புக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. காலதர், சாளரம், சாலேகம், பலகணி என்று இலக்கியங்களிலும் நிகண்டுகளிலும் பெயர்கள் கிடக்கின்றன. ஆனால் மதுரையிலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டில் மழைச்சாரல் உள்ளே அடித்தால், எல்லாரும் சாத்தச் சொல்வது சன்னலை. யாழ்ப்பாணத்தில் அதுவே யன்னல். அது போர்த்துக்கீசிய மொழியின் 'ஜனேலா' என்ற சொல்லிலிருந்து வந்தது. இவ்வளவும் பலருக்கும் தெரிந்த செய்திதான். தெரிந்த செய்தியோடு ஆராய்ச்சியும் நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. ஒரு சாரார் இதை அயல்மொழி ஆதிக்கத்தின் அடையாளம் என்று வருந்துகிறார்கள். இன்னொரு சாரார் கடன்சொல் பட்டியலில் ஒரு வரியாக எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். கையில் நான்கு சொற்கள் இருந்தும் ஐந்தாவதாக ஒன்றைக் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன என்ற கேள்வியை இருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை மொழிக்குள் மட்டும் கிடைக்காது. வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். எளிய மக்களின் வீட்டுச் சுவரில் அந்தத் திறப்பு இருந்த இடங்களில் அதன் உள்ளூர்ப் பெயர் பிழைத்தது. மாளிகையில் மட்டும் இருந்த இடங்களில் பெயரும் மாளிகையோடு நின்றுபோனது. இதுவே என் முடிவு. இதற்குத் தமிழ்நாட்டுச் சான்றுகளும் உண்டு, ஐரோப்பியச் சான்றுகளும் உண்டு.

முதலில் பெயர்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் 'விண்டோ' அந்த மொழியிலேயே பிறந்த சொல்லன்று. ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் 'வின்டௌகா' என்பது அதன் மூலம். 'வின்ட்' காற்று, 'ஔகா' கண். காற்றுக்கண் என்று பொருள். நீண்ட மரவீட்டின் கூரையில் புகை வெளியேறவும் சிறிது வெளிச்சம் இறங்கவும் விட்ட பொத்தலுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்திருக்கும். வடமொழியில் 'வாதாயனம்' என்றால் காற்றின் வழி. தமிழின் காலதரும் அதுவே: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஸ்பானிய மொழியின் 'வென்தானா' என்ற சொல் காற்றைக் குறிக்கும் லத்தீன் 'வென்துஸ்' அடியாகப் பிறந்தது. மூக்குத் துளையையும் 'மூக்கின் வென்தானா' என்றே ஸ்பானியர்கள் இன்றும் சொல்கிறார்கள். வீடு மூச்சு விடும் இடம் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இன்னும் அழியாமல் இருக்கிறது. பனி உறையும் நார்வேயிலும் வெயில் கொளுத்தும் புகாரிலும் ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது வியப்பாகத் தோன்றலாம். கண்ணாடி இல்லாத காலத்தில் சுவரில் ஓட்டை போட்டால் முதலில் உள்ளே வருவது காற்று. பெயர் வைத்தவர்கள் கண்டதைச் சொன்னார்கள், அவ்வளவே.

கண்ணை வைத்துப் பிறந்த பெயர்கள் இரண்டாவது குடும்பம். நார்ஸ் சொல் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் 'கண்துளை' என்றும் 'கண்வாசல்' என்றும் பொருள்படும் சொற்களைத் தங்கள் பழைய மொழியில் வழங்கினார்கள். காத்திக் மொழியிலும் கண்வாசல்தான். ரஷ்ய மொழியின் 'அக்னோ' கண்ணைக் குறிக்கும் 'ஓகோ' என்ற பழஞ்சொல்லின் உறவு. நம் பக்கத்தில் இந்தக் குடும்பம் இன்னும் செழிப்பானது. வடமொழியின் கவாட்சம் பசுவின் கண். சிற்ப நூல்களில் ஒரு வகைச் சாளரத்துக்கு யானைக்கண் என்றே பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் காலதர் மான்கண் என்ற அடைமொழியோடு வருகிறது. பலகணி என்பது பல கண்களை உடையது. மாமல்லபுரத்து இரதங்களின் கூரை வரிசையில் குதிரை லாட வடிவில் 'கூடு' என்று சொல்லப்படும் அலங்காரத்தைக் காணலாம். மரக் கட்டடங்களில் உண்மையான கவாட்சமாக இருந்தது கல்லுக்கு வந்தபோது திறப்பை இழந்து வடிவம் மட்டுமாகத் தங்கியது. அதற்குள் ஒரு முகத்தைச் செதுக்கி வைத்தார்கள். கண் என்ற பெயருக்கு வெளியே பார்ப்பது மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. வட்டமும் நீள்வட்டமுமான துளையின் வடிவமும், சுவர் என்ற முகத்தில் அது அமைந்த இடமும் காரணங்களே. மான், பசு, யானை என்று விலங்கு மாறும்போது துளையின் அளவும் வளைவும் மாறுகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

மூன்றாவது குடும்பம் கதவைச் சேர்ந்தது. லத்தீனில் 'யானுவா' என்பது வாசல். மக்கள் பேச்சு லத்தீனில் அதைச் சிறுமைப்படுத்திச் 'சிறுவாசல்' என்று ஆக்கிய வடிவமே போர்த்துக்கீசியரின் ஜனேலா. கிரேக்கத்தின் 'துரிஸ்', பாரசீகத்தின் 'தரீச்சே' இரண்டும் சிறுகதவு என்றே பொருள்படும். இந்தி முதலிய மொழிகளின் 'கிட்கி' பக்கவாசலைக் குறித்த ஒரு பழஞ்சொல்லின் வழி. மலையாளத்தில் 'கிளிவாதில்' என்று அழகான சொல் ஒன்று உண்டு. நான்காவதாக வலையும் பின்னலும்: வடமொழி ஜாலகம் என்பதற்கு வலை என்றும் வலைபோல் துளையிட்ட சாளரம் என்றும் பொருள். தமிழின் சாலகமும் சாலேகமும் அதன் வழி வந்தவை. சாளரத்தையும் இந்தக் கிளையோடுதான் அறிஞர் பலர் சேர்க்கின்றனர். பட்டடக்கல் விருபாட்சர் கோயிலில் சாளுக்கியர் கல்லைக் குடைந்து செய்த பின்னல் சாளரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் நியாயம் உடனே தெரியும்.

இந்த வேறுபாடுகளைப் பொழுதுபோக்குச் செய்திகளாகக் கடந்துவிடக் கூடாது. இந்தப் பெயர்கள் சுட்டுவது ஒரே பொருளையன்று. காற்றின் வழி என்பது அடைக்கவும் அடைக்காமல் விடவும் கூடிய ஒரு திறப்பு. பலகணியும் சாலகமும் சட்டத்துக்குள் துளைகள் நிரம்பிய பின்னல். அதை மூட முடியாது, மூடவும் தேவையில்லை. சிறுகதவு என்பது நிலையும் கீலும் கொண்டியும் வைத்து இரண்டு பலகைகளாகத் திறந்து சாத்துவது. நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாக அடுக்கின. செய்யுள் யாப்போருக்கு அது பயன்பட்டது. ஆனால் அந்த அடுக்கை அப்படியே நம்பி, காலதர் இருந்த இடத்தைச் சன்னல் பிடுங்கிக்கொண்டது என்று நாம் எண்ணுவதுதான் சிக்கலின் தொடக்கம்.

சங்க நூல்களுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் போகலாம். மதுரைக்காஞ்சி மதுரை நகரின் வீடுகளைச் சொல்லும்போது அவற்றின் பல புழைகளில் காற்று ஒலிப்பதைச் சொல்கிறது. அங்கே திறப்புக்குப் 'புழை' என்பதே பெயர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களில் காற்று நுழையும் வாயைக் குறிப்பிடுகிறது. நெடுநல்வாடையில் வேனிற்காலப் படுக்கையறைக்குத் தென்றலைக் கொண்டுவரும் திறப்பு கூதிர் வந்ததும் அடைத்துத் தாழிடப்படுகிறது. அந்தத் திறப்பை நூல் 'கட்டளை' என்ற சொல்லால் சுட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் இருக்கும் நெடுநிலை மாடத்தின் இடைநிலத்தில், சாளரத்தின் சிறிய கண்கள் வழியாக வண்டோடு தென்றல் நுழைகிறது. காலதர் என்ற சொல் இந்திரவிழவூரெடுத்த காதையில், மருவூர்ப்பாக்கத்து மாளிகைகளைச் சொல்லும் இடத்தில் வருகிறது. அடுத்தாற்போலவே யவனர் குடியிருப்புப் பேசப்படுகிறது. இந்தச் சான்றுகளை வரிசையாக வைத்தால் இரண்டு செய்திகள் கண்ணில் படும். ஒன்று, ஒரே பொருளுக்கு நிலையான ஒரு பெயர் அன்றே இல்லை; புழை, வாய், கட்டளை, சாளரம், காலதர் என்று ஒவ்வொரு புலவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார். அன்றாடம் எல்லார் வாயிலும் புழங்கும் பொருளுக்கு இத்தனை தடுமாற்றம் இருப்பதில்லை. மற்றொன்று, எல்லா இடத்திலும் அது மாடத்தோடும் மாளிகையோடும் வருகிறது. பாண்டியனின் அரண்மனை, பெருங்குடி வணிகரின் வீடு, துறைமுகத்துச் செல்வர் தெரு. உழவரின் குரம்பையிலோ பரதவரின் குடிலிலோ தென்றல் வரும் சாளரத்தை இந்தப் பாடல்களில் காணோம்.

அது தற்செயலன்று. தமிழ்நாட்டின் எளிய வீடு நெடுங்காலம் மண்சுவரும் தாழ்ந்த கூரையுமாக இருந்தது. இறவாணம் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கி மழையையும் வெயிலையும் சுவரில் படாமல் காத்தது. சற்று வசதியான வீடானால் நடுவில் முற்றம். வெளிச்சமும் காற்றும் மேலிருந்து இறங்கின. வாசலில் திண்ணை, உள்ளே நடை. வெளிச்சுவரில் பெரிய திறப்பு விடுவது வெயிலை உள்ளே அழைப்பது. மண்சுவரின் வலுவையும் குறைப்பது. கள்ளர் பயமும் விலங்கு பயமும் வேறு. ஆகவே அந்தச் சுவரில் பொதுவாக இருந்தது திறப்பன்று, விளக்கு வைக்கும் குழி. அந்தக் குழிக்கு மாடக்குழி, மாடம், பிறை என்று ஊருக்கு ஊர் பெயர் உண்டு. அவை எல்லாம் உயிருள்ள பேச்சுச் சொற்கள். இந்த இடத்தில் நான் மிக வலுவானதாகக் கருதும் சான்று ஒன்று இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வீட்டைச் சொல்லும்போது திண்ணையையும் இடைகழியையும் கூடவே சொல்கிறது. திண்ணை அந்த வடிவிலேயே இன்று வரை இருக்கிறது. இடைகழி பேச்சில் தேய்ந்து ரேழியாகி, தஞ்சை வட்டாரத்து வீடுகளில் நேற்று வரை புழங்கியது. தேய்வது என்பது வாயில் புழங்கியதன் அடையாளம். ஏறத்தாழ 2000 ஆண்டுகள் இந்தச் சொற்களை எந்த அயல்சொல்லும் அசைக்கவில்லை. காலதரோ தேயவும் இல்லை, திரியவும் இல்லை. ஏட்டில் எழுதியபடி மாறாமல் இருக்கிறது. வாயில் புழங்கியிருந்தால் அது எப்போதோ காலர், கால்தர் என்று ஏதேனும் ஒரு வடிவுக்குச் சிதைந்திருக்கும்.

இப்படிப்பட்ட வெற்றிடத்துக்குத்தான் ஜனேலா வந்தது. 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி முத்துக்குளித்துறை என்று கிழக்குக் கரை நெடுக இடம் பிடித்தார்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டார்கள். அவர்கள் கட்டிய கோயில்களிலும் பண்டசாலைகளிலும் வீடுகளிலும் வெளிச்சுவரில் வரிசையாக, இரட்டைப் பலகைக் கதவு வைத்த திறப்புகள் இருந்தன. அந்த வேலையைச் செய்தவர்கள் உள்ளூர்த் தச்சரும் கொத்தருமே. செய்யும் பொருளின் பெயரைச் செய்யச் சொன்னவரிடமிருந்து கேட்டுப் பழகினார்கள். இது ஊகம் மட்டுமன்று. கூட வந்த சொற்களே சாட்சி. கட்டட வேலைக்குத் தலைமை தாங்குபவரை மேஸ்திரி என்கிறோம்; அது போர்த்துக்கீசிய 'மேஸ்த்ரே'. குறுக்குச் சட்டமிட்ட அடைப்பைக் கிராதி என்கிறோம், அது 'கிராதே'. பூட்டைத் திறக்கச் சாவி, சுவரோரம் அலமாரி, நடுவில் மேசை, எல்லாம் அவர்கள் மொழியே. வேலையை நடத்துபவர், சன்னல், அதன் கிராதி, கதவின் சாவி என்று ஒரு தொழிலின் சொற்கள் சேர்ந்தே வந்திருக்கின்றன. சொல் தனியாக வந்திருந்தால் அதை ஆதிக்கம் என்று சொல்லலாம். தொழிலோடு சேர்ந்து வந்ததை அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

சன்னல் தமிழில் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு அதன் ஓசையும் துணைநின்றது. ஜனேலா என்பதன் கடைசி உயிர் உதிர்ந்து, நகரம் இரட்டித்தபோது கிடைத்த வடிவம் மின்னல், பின்னல், கன்னல், இன்னல் என்ற தமிழ்ச் சொற்களின் வரிசையில் பிசகின்றி உட்கார்ந்தது. இந்தப் பொருத்தம் சிலரை எதிர்த்திசையில் இழுக்கவும் கூடும். சன்னம் என்றால் மெல்லியது. மெல்லிய துளை உடையதால் சன்னல் என்று ஏன் கொள்ளக் கூடாது என்று கேட்கலாம். கொள்ள முடியாது. போர்த்துக்கீசியர் தங்கிய கடற்கரைகளில் எல்லாம் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது: மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, கொங்கணியில் ஜொனேல், வங்காளியில் ஜானாலா, மலாய் மொழியில் ஜெண்டெலா. சன்னம் என்ற சொல்லே இல்லாத மலாய்க்குத் தமிழிலிருந்து இது போயிருக்க வழியில்லை. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

அப்படியானால் போர்த்துக்கீசியர் போன இடமெல்லாம் அவர்கள் சொல் நிலைத்தது என்பதுதானே முடிவு, வீட்டின் அமைப்பை ஏன் இழுக்க வேண்டும் என்று ஒருவர் மறுக்கலாம். நல்ல மறுப்பு. அதற்கு விடை மேற்குக் கரையில் இருக்கிறது. டையூவும் டாமனும் 1961 வரை போர்த்துக்கீசியர் கையில் இருந்தன. பம்பாய்க்கு வடக்கே வசை அவர்களுடைய பெருங்கோட்டை. ஆனால் குஜராத்தி மொழியில் சாளரம் 'பாரி', மராத்தியில் 'கிட்கி'. ஜனேலா அங்கே பொதுப் பேச்சில் வேரூன்றவில்லை. குஜராத்தின் பழைய நகரத் தெருக்களில் மரம் இழைத்த வீடுகளைப் பாருங்கள். அகமதாபாத்தின் போள் என்னும் குடியிருப்புகளில் நெருக்கமாக நிற்கும் மாடி வீடுகளில் தெருவைப் பார்த்த சாளரங்கள் வரிசையாக உள்ளன. அவை அரசருக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. அந்தப் பொருளும் அதைச் செய்யும் தச்சரும் அதன் பெயரும் ஏற்கெனவே மக்களிடம் இருந்ததால் புதுச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது. மூங்கிலும் மண்ணும் கொண்டு கட்டிய வங்காளத்து நாட்டுப்புற வீட்டில் அந்த நிலை இல்லை. ஹூக்ளியில் 1632 வரைதான் போர்த்துக்கீசியர் இருந்தார்கள், இருந்தும் சொல் நின்றுவிட்டது. கேரளம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மரவேலை மிகுந்த அந்த நாட்டில் ஜனல் வந்த பிறகும் ஜாலகமும் கிளிவாதிலும் முற்றாகச் சாகவில்லை. ஆட்சி நீண்ட இடத்தில் சொல் நிலைக்காமலும், ஆட்சி சுருங்கிய இடத்தில் நிலைத்தும் இருப்பதைப் பார்த்த பின் ஆதிக்கம் ஒன்றையே காரணமாகச் சொல்வது செல்லாது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே சான்று இன்னும் தெளிவு. ரைன் நதிக்கரையில் ரோமரோடு கலந்த ஜெர்மானியர் லத்தீன் 'ஃபெனெஸ்த்ரா'வைக் கடன் வாங்கி 'ஃபென்ஸ்டர்' ஆக்கிக்கொண்டார்கள். அதனோடு கற்சுவருக்கு 'மாவர்', ஓட்டுக்குச் 'சீகல்', சுண்ணாம்புக்குக் 'கால்க்', நிலவறைக்குக் 'கெல்லர்' என்று கொத்தரின் சொற்கள் எல்லாம் லத்தீனிலிருந்தே வந்தன. மரமும் களிமண்ணும் வைத்துக் கட்டியவர்கள் கல்லில் கட்டக் கற்றபோது கற்பித்தவரின் பெயர்களையே ஏற்றார்கள். நம் மேஸ்திரியும் கிராதியும் சன்னலும் சேர்ந்து வந்ததற்கு இதைவிட நெருக்கமான இணையை நான் காணவில்லை. போர்த்துக்கீசிய மொழிக்குள்ளேயே இதே போட்டி நடந்திருக்கிறது. ஃபெனெஸ்த்ரா அங்கே 'ஃப்ரெஸ்தா' என்று தேய்ந்து, வெறும் இடுக்கு, கீற்று என்ற பொருளுக்குச் சுருங்கியது. கதவு வைத்த திறப்புக்கு ஜனேலா என்ற வேறு பெயர் வந்தது. பொருள் மாறியபோது பெயரும் மாறியது என்பதற்கு அவர்கள் வீட்டுச் சாட்சியே இது.

ஆனால் இங்கிலாந்து இந்த வாதத்துக்கு இடைஞ்சலாகத் தோன்றும். 7ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் பிஸ்கப் என்ற துறவி மங்க்வேர்மவுத் மடத்துக்குக் கண்ணாடி பதிக்கக் 'கால்' எனப்பட்ட அன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார். 1066க்குப் பின் பிரெஞ்சு பேசும் நார்மன் பிரபுக்கள் நாட்டையே பிடித்தார்கள். ஃபெனெஸ்த்ராவின் பிரெஞ்சு வடிவமும் ஆங்கிலத்தில் நுழைந்து 16ஆம் நூற்றாண்டு வரை புழங்கியது. புதுப்பொருளோடு சொல் வரும் என்றால் ஆங்கிலேயர் இன்று ஃபெனஸ்டர் என்றல்லவா சொல்ல வேண்டும்? சொல்லவில்லை, காற்றுக்கண்ணே வென்றது. காரணம், அந்தச் சொல்லைக் கொண்டுவந்த ஸ்காண்டிநேவியர் பிரபுக்களாக மட்டும் வரவில்லை. 9ஆம் நூற்றாண்டிலிருந்து வடக்கு, கிழக்கு இங்கிலாந்தில் உழவராகக் குடியேறி, பக்கத்து வீட்டுக்காரராக வாழ்ந்தார்கள். முட்டைக்கும் வானத்துக்கும் 'அவர்கள்' என்ற சுட்டுக்கும் கூட ஆங்கிலம் அவர்களிடமிருந்தே சொல் எடுத்தது. குடிசையில் இடம் பிடித்த சொல் பின்னர் கண்ணாடியையும் தனக்குள் ஏற்றுக்கொண்டது. மாடத்தில் இருந்த சொல் மறைந்தது. ஆகவே இங்கிலாந்து என் வாதத்துக்கு எதிரானதன்று, அதன் மறுபக்கம். புதுப்பொருள் புதுச்சொல்லைக் கொண்டு வருவது, எளியவர் வாயில் பழைய சொல் இல்லாதபோதுதான்.

இன்னும் இரண்டு மறுப்புகள் உண்டு. காலதர் என்பதே வாதாயனத்தின் மொழிபெயர்ப்பாக இருக்கலாம். அப்படியானால் அது தொடக்கத்திலிருந்தே ஏட்டுச் சொல்தான், அது வழங்காமல் போனதில் வியப்பில்லை என்பார்கள். மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காற்று நுழையும் வாய் என்று பட்டினப்பாலை சொல்வதும், புழையில் காற்று ஒலிப்பதை மதுரைக்காஞ்சி சொல்வதும், இந்தத் திறப்பைக் காற்றோடு சேர்த்து நினைப்பது தமிழ்ப் புலவருக்கு இயல்பாக இருந்ததைக் காட்டுகின்றன. வடமொழியை அறியாத நார்ஸ்காரரும் அதே வழியில்தான் போனார். அதோடு, வடமொழி உறவே ஒரு சொல்லைக் காப்பாற்றவோ அழிக்கவோ போதாது. பெருமதிப்புள்ள வடமொழியிலிருந்து வந்த சாலேகமும் காலதரைப் போலவே வழக்கொழிந்தது. மதிப்பு சொல்லைப் பிழைக்கவைக்கும் என்றால், கடற்கரையில் மட்டும் கால் ஊன்றிய ஒரு வணிகக் கூட்டத்தின் சொல் அரசவை மொழியின் சொல்லை எப்படித் தோற்கடித்தது? அடுத்த மறுப்பு கனமானது. நாற்காலியும் ஐரோப்பியரோடு பரவிய பொருள்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு நான்கு காலை வைத்துச் சொந்தப் பெயர் அமைந்தது. இலங்கைத் தமிழர் மட்டும் போர்த்துக்கீசிய 'கதேய்ரா'வைக் கதிரை ஆக்கிக்கொண்டார்கள். புதுப்பொருள் என்றால் கடன்சொல் கட்டாயம் என்று நான் சொன்னால் நாற்காலி என்னை மறுக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. மக்கள் வாயில் பெயர் இல்லாத இடத்தில் இரண்டு வழிகள் திறக்கின்றன: புனைவது, வாங்குவது. எது நடக்கும் என்பதை அயலாரோடு இருந்த நெருக்கம் முடிவு செய்கிறது. நேரடி ஆட்சி நடந்த யாழ்ப்பாணத்தில் வாங்கினார்கள். கரையோரத்தில் மட்டும் தொடர்பு இருந்த தமிழ்நாட்டில் புனைந்தார்கள். சன்னலில் இரண்டு கரையும் வாங்கியதற்குக் காரணம், நாற்காலியைப் போல் அது தனியாகக் கடைக்கு வரும் பொருளன்று. கட்டும் வேலையோடு, கட்டுவோர் வழியாக வந்தது.

1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர்களின் மொழியில் சாளரம் 'விந்து'. நார்ஸ் காற்றுக்கண்ணின் நேர் வாரிசு. 1706இல் அங்கே வந்த சீகன்பால்கு ஜெர்மானியர்; அவர் ஃபென்ஸ்டரோடு வந்தார். நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்களுக்குச் சட்டத்தைக் குறிக்கும் 'ராம்' ஒரு சொல், 'வென்ஸ்டர்' இன்னொரு சொல். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரின் நீண்ட ஆட்சி. இத்தனை பேரும் வீடு கட்டினார்கள், இதே கரையில் கட்டினார்கள். ஒருவர் சொல்லும் சன்னலை நகர்த்தவில்லை. முதலில் வந்தது மக்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. அதன்பின் அதுவே உள்ளூர்ச் சொல். பிற்காலத்தில் செட்டிநாட்டார் பர்மாத் தேக்கில் இழைத்ததும் சன்னல்தான், அரசு கட்டித் தந்த தொகுப்பு வீட்டில் இரண்டு கம்பி வைத்ததும் சன்னல்தான். இன்று பேச்சு அதைத் தன் போக்கில் வளர்த்துக்கொண்டும் விட்டது. பேருந்தில் சன்னலோரம் இடம் பிடிக்கிறோம். முதுகில் திறப்பு விட்டுத் தைத்த ரவிக்கையைச் சன்னல் வைத்தது என்கிறார்கள் தையற்காரர்கள். போர்த்துக்கீசியத்தில் இல்லாத இந்தப் பொருள்கள் தமிழர் உண்டாக்கியவை.

1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் விளைவாகப் பழைய பெயர்களும் மீண்டு வந்திருக்கின்றன. ஆனால் அவை சுவருக்குத் திரும்பவில்லை. மாணவர் சேர்க்கையும் தொழில் அனுமதியும் ஓரிடத்தில் நடந்தால் அது ஒற்றைச் சாளர முறை. ஒற்றைச் சன்னல் என்று எந்த அலுவலகமும் எழுதுவதில்லை. கணினித் திரையில் திறந்து மூடும் கட்டமும் தமிழாக்கத்தில் சாளரம். கையால் தொட முடியாத கருத்துப்பொருளுக்குச் சாளரமும், கையால் சாத்துவதற்குச் சன்னலும் என்று வேலை பிரிந்துவிட்டது. இந்தப் பிரிவினை மொழிக்கு வலிமை என்றே நான் மதிக்கிறேன். பலகணிக்கு நேர்ந்ததுதான் வருத்தம். ஓசை ஒற்றுமையை நம்பிப் பால்கனிக்கு அதைப் பெயராக எழுதுகிறார்கள். பால்கனி இத்தாலிய மொழி வழியாக வந்த சொல், உத்திரக் கட்டையைக் குறிக்கும் ஒரு ஜெர்மானிய வேரில் பிறந்தது. பல கண்களுக்கும் அதற்கும் உறவில்லை. சிமெண்டில் துளைகள் வார்த்து மாடிப்படிச் சுவரில் பதிக்கிறார்களே, அந்தப் பின்னல் அடைப்புக்குப் பலகணி என்ற பெயர் அச்சாகப் பொருந்தும். வாயிலும் சன்னலும் போக, லிண்டலுக்கு மேலே காற்றுக்கென்று விடும் சிறு திறப்பை இன்று எல்லாரும் வெண்டிலேட்டர் என்கிறோம். காற்று வந்து போவதைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லை. குளியலறை, சமையலறை என்று இன்றைய எளிய வீடு ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. மாளிகையை விட்டு இறங்கியிராத காலதருக்கு, தொகுப்பு வீட்டின் சுவரிலும் ஓரிடம் இப்போது ஆயத்தமாக இருக்கிறது. கட்டட வரைபடத்திலும் தொழிற்பயிற்சி நிலையத்துப் பாடநூலிலும் அந்தப் பெயரை எழுதத் தொடங்கலாம்.